மெஹபூப் அலியின் இடது கை

தி. நகரில் கல்யாண ரவிக்கை தைக்கும் கடை ஒன்றில் மெஹபூப் அலி இருபத்திரண்டு வருடம் கட்டிங் மாஸ்டராக இருந்தார். கத்திரி பிடிப்பது இடது கையில். அதற்கென்றே அலகை மாற்றிச் செய்யச் சொல்லி வாங்கிய கத்திரி. வலது கையில் பிடித்தால் துணியை மடக்குமே தவிர வெட்டாது.

இதை வெளியே சொல்ல முதலாளிக்குத் தைரியம் இல்லை. முகூர்த்தப் பட்டில் இடது கை படலாமா? நாளைக்குக் கல்யாணம் முறிந்து, விவாகரத்து வழக்கில் நம் பெயரையும் சேர்த்துவிட்டால் என்ன செய்வது? எனவே மாஸ்டருக்கு ஒரு திரை கட்டப்பட்டது. யார் கேட்டாலும் ‘ரைட்டு’ என்று சொல்ல உத்தரவு. சாப்பாடு, டீ, கையெழுத்து எல்லாமே சின்ன வயதிலிருந்து வலது கை என்பதால் அந்தப் பொய்க்கு ஒரு சிரமமும் வரவில்லை.

மயிலாப்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி தடுப்பூசி முகாம் போட்டபோது மாஸ்டரும் வரிசையில் நின்றார். “எந்தக் கையில வேலை செய்வீங்க பாய்?” என்றாள் நர்ஸ். பழக்கம் முந்திக்கொண்டது.

“ரைட்டு மா.”

படிவத்தில் அப்படியே ஏறியது. கீழே அழகாகக் கையெழுத்தும் போட்டார். அதனால் ஊசி இடது தோளில், போட வேண்டிய இடத்துக்கு இரண்டு விரற்கடை மேலே, மூட்டிலேயே இறங்கியது. மருந்தின் மேல் எனக்குப் புகார் இல்லை. நானும் போட்டுக்கொண்டவன்தான், கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். குத்திய இடம்தான் கோளாறு.

அதோடு கை எழவில்லை. முதலாளி பெரிய மனது பண்ணி அவரை ஹூக் தைக்கும் வேலைக்கு மாற்றினார். ஆபரேஷன் செய்தால் கை பழையபடி வரும் என்றார் எலும்பு டாக்டர். நஷ்டஈடு கிடைத்தால் ஆபரேஷன். கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் ஹூக்.

தேனாம்பேட்டையில் மனு டைப் செய்து கொடுப்பது என் பிழைப்பு. அவருடைய மனுவை நான்தான் அடித்தேன். ‘இவர் இடது கையால் துணி வெட்டுபவர்’ என்று முதலாளியிடம் ஒரு கடிதம் கேட்கச் சொன்னேன். “முகூர்த்த சீசன் மாஸ்டர், பொழப்புல மண்ணப் போடாதீங்க” என்று முதலாளி கும்பிட்டாராம். சரி, கத்திரியையே எடுத்து வாருங்கள் என்றேன்.

தடுப்பூசி நஷ்டஈட்டுக் குழுவின் விசாரணைக்கு நானும் கூடப் போனேன். வாசலிலேயே காவலாளி துரைராஜ் கத்திரியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். ஆயுதமாம்.

மாடியில் மூன்று பேர் குழு. மனிதாபிமானம் உள்ளவர்கள், எங்களுக்கும் டீ சொன்னார்கள். மெஹபூப் அலி கிளாஸை எடுத்ததும் தலைவர் முகம் மலர்ந்தது.

“இப்ப எந்தக் கையில எடுத்தீங்க?”

“ரைட்டு சார். லெஃப்ட்ல எடுத்தா எங்கம்மா அடிக்கும்.”

“வேலை செய்யற கையும் ரைட்டுன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

“கத்திரி மட்டும் லெஃப்டு சார். கீழ கேட்டாண்ட கீது. எட்தாந்து வெட்டிக் காட்றேன்.”

“கத்திரியெல்லாம் ஆவணம் ஆகாதுங்க.”

உத்தரவு சில நாளில் வந்துவிட்டது என்றால் நம்ப மாட்டீர்கள், அன்றைக்கே வந்தது. ஊசியால் தோள் கெட்டது உண்மை. ஆனால் உழைக்கும் கை நலமாக இருப்பதால் பிழைப்புக்குப் பாதிப்பு இல்லை. மனுதாரருக்குக் குழுவின் ஆழ்ந்த அனுதாபம். அனுதாபத்தில் எழுத்துப் பிழைகூட இல்லை.

கீழே இறங்கினோம். வாசலில் துரைராஜ் ஒரு ஃபைல் கட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“இன்னா பாய் கத்திரி இது? கயிறு மடங்கிக்கினே போவுது, அறுக்க மாட்டேங்குது.” திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பீச்சாங்கை கத்திரியா?”

அந்தக் கட்டடத்தில் விசாரணை நடத்திய ஒரே மனிதர் அவர்தான்.

“எங்க, நீ வெட்டு பாய்.”

மெஹபூப் அலி கத்திரியை இடது கையில் வாங்கினார். கட்டு இருந்த மேஜை உயரத்துக்குக் கை வரவில்லை, பாதியிலேயே நின்றது. துரைராஜ் ஒன்றும் கேட்காமல் அவர் முழங்கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தார். கயிறு ஒரே வெட்டில் அறுந்தது. பத்து மாதத்தில் அவர் வெட்டிய முதல் வெட்டு. வாசல் என்றும் பார்க்காமல் மாஸ்டர் வாய்விட்டு அழுதார்.

மறுநாளே மேல்முறையீட்டுக்கு உட்கார்ந்தோம். சாட்சி துரைராஜ், அவரே பெயர் கொடுத்தார். ‘வேலை செய்யும் கை’ என்ற இடத்தில் நிறுத்தினேன். இதை முதலாளி பார்த்தால் ஹூக் வேலையும் போய்விடும் என்று சொன்னேன். மாஸ்டர் விசைப்பலகையைக் காட்டினார்.

“போவட்டும் சார். லெஃப்டுன்னு போடு. பெருசாப் போடு.”