ஒத்தக் காது சம்சுவும் ஓசி சிடியும்

சம்சுவுக்கு இடது காது கேக்காது. விருதுநகர்ல ரேடியோ செட் வச்சுப் பொழைக்கிற ஆளுக்கு ஒத்தக் காதுன்னா ஊரு சிரிக்கத்தான் செய்யும். சிரிச்சுச்சு. அவனும் கூடச் சேந்து சிரிச்சான், வேற என்ன செய்ய?

காது போன கதை ஒண்ணும் வீரக்கதை இல்ல. கல்யாணமான புதுசுல மச்சினன் சாபிரோட வத்தல் கமிஷன் கடையில உக்கார வச்சாக. வத்தல் மூட்டையப் பிரிச்சா போதும், நம்மாளு தும்ம ஆரம்பிச்சுருவான். தும்முனா நிக்காது. எடை போட வந்தவங்க தராசை விட்டுட்டு இவனையே பாத்துக்கிட்டு நிப்பாக. பதினோராம் நாள் ஆளு எந்திரிச்சு ஓடியே போயிட்டான். ஓடுன ஓட்டத்துல விஸ்வநத்தத்துல ஒரு பட்டாசு கம்பெனியில போய் நின்னான். அங்கன அவனுக்குக் கெடச்சது சாம்பிள் வேலை. செஞ்ச லாட்டுல ஒண்ணே ஒண்ண எடுத்து, பொட்டல்ல வச்சுக் கொளுத்தணும். அது வெடிச்சா அம்புட்டு லாட்டும் பாஸ், புஸ்ஸுன்னா அம்புட்டும் ஃபெயில். எட்டு வருசம் கொளுத்துனான். ஒருநாள் திரி இவனை விட அவசரமா இருந்துச்சு. காது போயிருச்சு.

அதுக்குப் பொறவுதான் ரேடியோ செட். நாலு குழாய் ஸ்பீக்கர், ரெண்டு பாக்ஸ், ஒரு ஆம்ப்ளிஃபயர். 2005-ல பழைய கம்ப்யூட்டர் ஒண்ணும் சேந்துச்சு. இருந்த பாட்டு சிடி எல்லாத்தையும் உக்காந்து உக்காந்து அதுல ஏத்தி முடிச்சதும், சும்மா கெடந்த சிடிகளைப் பொண்டாட்டி பைரோஜா அவ அண்ணனுக்குக் குடுத்துட்டா. சாபிர் அதுகளைக் கயித்துல கோத்து, மல்லி காயப்போடுற களத்துல காக்கா விரட்டக் கட்டித் தொங்கவிட்டான். வெயில்ல பளபளன்னு நல்லாத்தான் ஆடுச்சு.

2008-ல ஒரு கல்யாணத்துல மானம் போச்சு. கம்ப்யூட்டர்ல இருந்தது கள்ள சிடியில போட்ட விண்டோஸ். எவனோ பென்டிரைவைச் சொருகி வைரஸை எறக்கிட்டுப் போயிட்டான். பத்து நிமிசத்துக்கு ஒருக்கா தானா அணைஞ்சு தானா எந்திரிக்குது. எந்திரிக்கும்போதெல்லாம் அதோட தொறப்பு மணிச் சத்தம் நாலு குழாயிலயும் முழங்குது. பதினோரு தடவை. பந்தியில உக்காந்த சனமெல்லாம் அந்த மெட்டை முணுமுணுத்துக்கிட்டே பாயசம் குடிச்சுச்சு. பொண்ணோட தகப்பனார் மட்டும் முணுமுணுக்கல, வாய் விட்டே ஏசுனாரு.

அன்னைக்கு வீட்ல பைரோஜா ஒரே முடிவாச் சொல்லிட்டா. "ஆமத்தூர் கோயில் பொங்கலுக்கு வாக்குக் குடுத்துட்டீக, போயிட்டு வாங்க. ஆனா அங்கன யாராச்சும் ஒரே ஒருத்தர் கொறை சொன்னாலும், திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு எங்கண்ணன் கடையில உக்காரணும். செட்டை வித்துரணும். அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லுங்க, சரியா?"

சம்சு சரின்னுட்டான். சொன்ன கையோட சிவகாசிக்கு பஸ் ஏறுனான்.

சிவகாசியில நாகஜோதின்னு ஒரு டிடிபி ஆபரேட்டர். காலண்டர் அச்சடிக்கிற ஆபீஸ்ல வேலை. மொறைச்சுப் பாக்குற சாமியையும் மவுஸ் வச்சுச் சிரிக்க வைக்கிற கைக்காரி. சம்சுவோட நோட்டீஸ் எல்லாம் அவ போட்டதுதான். அவ மேசையில வெளிநாட்டுத் தபால்ல வந்த சிடி ஒண்ணு கெடந்துச்சு. உபுண்டுன்னு போட்டிருந்துச்சு.

"இது லினக்ஸ்ண்ணே. விண்டோஸுக்குப் பதிலா இதைப் போட்டுக்கிடலாம். எழுதிக் கேட்டேன், வீடு தேடி அனுப்பிட்டாக. ஓசி. களவு இல்ல. நீங்க இன்னொருத்தருக்குக் குடுக்கலாம், உள்ள பிரிச்சு மாத்தவும் செய்யலாம். அந்த வைரஸோட பருப்பு இதுல வேகாது."

"ஓசியில குடுக்கிறவன் எதுக்குத்தா குடுக்கான்?"

"ஆடி மாசம் கோயில்ல கூழு ஊத்துறாகளே, எதுக்கு ஊத்துறாக?"

"அது வேண்டுதல்."

"இவுகளுக்கும் ஏதோ வேண்டுதல்னு வச்சுக்கோங்களேன். சும்மா தொணதொணங்காம மெஷினைக் கொண்டாங்க."

பாட்டை எல்லாம் பத்திரமா வேற டிஸ்க்குல எடுத்து வச்சுட்டு, விண்டோஸைத் தொடைச்சு எறிஞ்சுட்டு உபுண்டுவைப் போட்டா. அதுக்கு மேல மிக்ஸ்ஸ்னு ஒரு மென்பொருள், அதுவும் ஓசி. திரையில ரெண்டு தட்டு மாதிரி பக்கத்துல பக்கத்துல நிக்குது. இதுல ஒரு பாட்டு, அதுல ஒரு பாட்டு. நடுவுல ஒரு தள்ளுகட்டை, இந்தப் பக்கம் தள்ளுனா இது, அந்தப் பக்கம் தள்ளுனா அது. ஓரத்துல இன்னொரு கட்டை, வேகத்தைக் கூட்டிக் கொறைக்க.

"டிஜேக்காரன் எல்லாம் ஒத்தக் காதுலதான் ஹெட்போனை வப்பாண்ணே, அடுத்த பாட்டைக் கேக்க."

சம்சுவுக்கு வந்ததே ஒரு சந்தோசம்! உலகத்துல எல்லாரும் ஒத்தக் காதுலதான் கேக்காக, நமக்கு மட்டும் என்ன கேவலம்னு நெஞ்சை நிமித்திக்கிட்டான். மத்த காது சும்மா இல்ல, கூட்டத்தைக் கேக்கத்தான் அதுன்னு அவ சொன்னதை அவன் காதுலயே வாங்கல.

பாட்டை வெட்டி ஒட்டவும் அவளே கத்துக்குடுத்தா. பக்கத்து ரூம்ல ஓடிக்கிட்டிருந்த பழைய அச்சு மெஷின் சத்தத்தை மைக்குல புடிச்சு, டக் டடக் டக், டக் டடக் டக்னு ஒட்டி ஒட்டி இருவது நிமிசத்துக்கு நீட்டிக் காட்டுனா. வீட்டுக்கு வந்து இவனா மைக்கைச் சோதிச்சப்ப பைரோஜா ஏசுனதும் பதிவாயிருச்சு. அதை எப்படி அழிக்கன்னு தெரியல, அப்படியே விட்டுட்டான்.

பொங்கலுக்கு மொத நாள் குழாயெல்லாம் மாட்டி, அச்சு மெஷின் சத்தத்தைப் போட்டுப் பாத்தான். கும்முன்னு கேட்டுச்சு. ரெண்டாயிரத்து முந்நூறு பாட்டு உள்ள கெடக்கு, ஒண்ணக்கூடத் தொட்டுப் பாக்கல. எட்டு வருசப் பழக்கம் எங்க போகும்? ஒண்ணு வெடிச்சுச்சு, லாட்டு பாஸ்!

ஆமத்தூர்ல சாயங்காலம் ஆறு மணி. மொளப்பாரியைத் தூக்கிக்கிட்டுப் பொம்பளைக வரிசையா நிக்காக. கமிட்டித் தலைவர் சுந்தரபாண்டி, நாப்பது ஏக்கர் சம்சாரி, வெள்ளை வேட்டியில வந்து, "பாட்டைப் போடுங்க பாய்"ன்னாரு.

போட்டான். ஒண்ணும் வரல. அடுத்ததைப் போட்டான், வரல. பத்துப் பாட்டு போட்டான், பத்தும் புஸ். சட்டை நனைஞ்சு முதுகுல ஒட்டிருச்சு. செல்லை எடுத்து நாகஜோதியைக் கூப்பிட்டான்.

"பாட்டு பேருக்குக் கடைசியில என்ன எழுத்துண்ணே இருக்கு?"

"டபிள்யூ, எம், ஏ."

"அது விண்டோஸ்காரனோட கட்டு. சிடியை ஏத்துனப்ப அவன் வழக்கப்படி கட்டி வச்சிருக்கான். இந்த மிக்ஸ்ஸுக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. அப்ப நீங்க எதைத்தான்ணே டெஸ்ட் பண்ணுனீக?"

"மெஷின் சத்தத்தை."

"ஒண்ணத்தானா? அடப்பாவி மனுசா! சரி, சிடி எங்கன இருக்கு?"

"காக்கா விரட்டப் போயிருக்கு."

"அப்ப அந்த மெஷினையே ஓட்டுங்க, போங்க"ன்னு வச்சுட்டா.

வேற வழி? ஓட்டுனான். டக் டடக் டக்னு ஊரே அதிருது. சுந்தரபாண்டி அண்ணாந்து குழாயைப் பாத்தாரு. "என்ன பாய், அரவை மில்லு ஓடுது?"

சம்சு செத்தேன்னுதான் நெனைச்சான். ஆனா கும்மி கூட்டத்துக்குத் தலைவி முத்துப்பேச்சி, அம்பது வயசுக்காரி, தலையை ஒருச்சாய்ச்சு அதைக் கேட்டா. பொறவு சேலையை இழுத்துச் சொருகுனா. ஒரு தட்டு தட்டுனா. சரியா விழுந்துச்சு. பாட்டை எடுத்துவிட்டா, சுத்தி நின்ன முப்பது பேரும் குனிஞ்சு நிமிந்து தட்ட ஆரம்பிச்சாக.

அப்பத்தான் சம்சு ஹெட்போனைக் கழட்டி வீசிட்டு, வலது காதைப் பொம்பளைக பக்கம் திருப்பி வச்சான். அவுக வேகம் கூட்டுனா கட்டையைத் தள்ளுனான், மூச்சு வாங்குனா எறக்குனான். இத்தனை வருசமும் பொத்தானை அமுக்கிட்டுப் பீடி குடிக்கப் போறதுதான் வேலை. இன்னைக்கு அவன் கை ஒரு ஓரமா அவுக கையோட சேந்து கும்மி அடிச்சுச்சு. அம்புட்டு சந்தோசம் அவனுக்கு நிக்காஹ் அன்னைக்குக்கூட இல்ல.

இருவது நிமிசம் முடியப் போகுது. அடுத்த தட்டுல அதையே மறுபடி போடணும். அவசரத்துல விரல் தவறி வேற எதையோ அமுக்கிட்டான். மெஷின் சத்தத்துக்கு மேல நாலு குழாயிலயும் பைரோஜா முழங்குனா: "காது ஒண்ணுதான் போச்சுன்னு பாத்தா புத்தியுமா போச்சு? ஊரான் வீட்டுக்குப் பாட்டு போடுறீகளே, வீட்டுக்குத் தண்ணி யாரு எடுப்பா?"

கும்மி ஒரு நொடி தடுமாறுச்சு. பொறவு முத்துப்பேச்சி வெடிச்சுச் சிரிச்சா. "புத்தியுமா போச்சு?"ன்னு ராகம் போட்டு எடுத்தா, "தண்ணி யாரு எடுப்பா?"ன்னு முப்பது பேரும் பதில் சொல்லித் தட்டுனாக. புருசன்மாரைப் பாத்து கையை நீட்டி நீட்டித் தட்டுனாக. "இன்னொருக்கா போடுங்க பாய்"னு கேட்டுக் கேட்டு மூணு தடவை போட வச்சாக.

ஆனா எளவட்டம் ஆட ஒரு சினிமாப் பாட்டு இல்ல. சுந்தரபாண்டி கெளம்பும்போது பட்டுன்னு சொல்லிட்டாரு. "பொம்பளைகளுக்குச் சரி பாய். பயக மொகத்தைத் தொங்கப்போட்டுட்டு அலையிறானுக. அடுத்த வருசம் வேற ஆளைப் பாத்துக்கிடுதோம்."

ஒரே ஒரு கொறை. ஒண்ணு போதும்ல? வீட்டுக்கு வந்து பைரோஜாகிட்ட மறைக்காமச் சொன்னான். ஏசுனது குழாயில போனதை மட்டும் சொல்லல, உசிரு மேல ஆசைதான். திங்கக்கிழமை எட்டரைக்கு வெளுத்த சட்டையைப் போட்டுக்கிட்டு, கழுத்தை நீட்டப் போற கெடா மாதிரி நின்னான். அழுகையே வரப் பாத்துச்சு, அடக்கிக்கிட்டான்.

அப்ப வீட்டு போன் அடிச்சுச்சு. பைரோஜா எடுத்தா.

"ஆமத்தூர் முத்துப்பேச்சி பேசுதேன். பாக்ஸ்ல எழுதியிருந்த நம்பரு. ஏசுன தாயி நீங்கதானா? எம்புட்டு நல்லா ஏசுனீக! அச்சங்குளத்துல எம்மகளைக் கட்டிக் குடுத்திருக்கு, அங்கன அடுத்த மாசம் கோயில் பொங்கல். அந்தப் பாயும் வரணும், உங்க ஏச்சும் வரணும்."

பைரோஜா போனை வச்சுட்டுத் திரும்புனா. "என்னத்தைப் போட்டீக?"

"தெரியாமப் போட்டுட்டேன்."

"ஒரு தடவையா?"

"மொதத் தடவைதான் தெரியாம."

"எனக்குப் போட்டுக் காட்டுங்க."

போட்டுக் காட்டுனான். மெஷின் ஓடுது, மேல இவ ஏசுறா. கரண்டியைக் கையில புடிச்சுக்கிட்டே கேட்டா. மொகத்துல ஒண்ணும் தெரியல. முடிஞ்சதும், "முப்பது பேரு இதுக்குக் கும்மி அடிச்சாகளா?"ன்னா. அடிச்சாகன்னான்.

"இம்புட்டு மெதுவாவா நான் ஏசுவேன்? கூட்டுங்க."

கட்டையைத் தள்ளுனான்.

"இன்னும்."

தள்ளுனான். பைரோஜாவோட கால் பெருவிரல் தரையில தட்டுறதைப் பாத்தான், பாக்காத மாதிரி இருந்துக்கிட்டான். மணி ஒம்பதேகால். மறுபடி போன். சாபிர்.

"என்ன பைரோஜா, மச்சானை இன்னும் காணோம்?"

"வர மாட்டாருண்ணே"ன்னா. "அவரு வேலையில இருக்காரு."

சம்சு கட்டையை இன்னும் கொஞ்சம் தள்ளுனான். கல்யாணமாகிப் பதினாறு வருசத்துல, அவன் செய்யிறதை அவ வேலைன்னு சொன்னது அன்னைக்குத்தான்.