பன்னிரண்டு நாள் நான் விழுங்காத மாத்திரை

சபையாரே, என் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்ல நிற்கிறேன். அதைச் சொல்லவேண்டுமானால் என் பொய்யையும் சொல்லியாக வேண்டும்.

நான் தென்காசியில் தையல் டீச்சர். 1981-ல் சென்னையில் எனக்கு இருதய ஆபரேஷன் நடந்தது. கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு, உலோகத்தில் செய்த ஒன்றை வைத்தார்கள். அது நெஞ்சுக்குள் ‘டிக், டிக்’ என்று அடிக்கும். அதில் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை. ஒருநாள்கூட விடக்கூடாது என்றார்கள்.

மூன்று வருஷம் விடவில்லை. பிறகு மாத்திரையே பயமாகிவிட்டது. பல் தேய்த்தால் ரத்தம். மாதவிலக்கு பத்து நாளாகியும் நிற்காது. ஒருநாள் வகுப்பிலேயே மூக்கிலிருந்து வழிந்து, மடியிலிருந்த வெள்ளைத் துணியெல்லாம் சிவந்துபோனது. இப்படி வடிந்தே செத்துப்போவேன் என்று நடுங்கினேன். யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினேன்.

பன்னிரண்டாம் நாள் காலை மூச்சு முட்டியது. படுக்க முடியவில்லை. ஆனி மாதச் சாரல் காற்று ஜன்னல் வழியே வீசியும் எனக்கு வேர்த்துக் கொட்டியது. என் கணவர் செல்லத்துரை என் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

“சத்தம் அமுங்கிக் கேக்குது. மாத்திரை ஒழுங்காப் போடுதியா?”

“போடுதேன்” என்றேன்.

வாடகைக் காரில் திருவனந்தபுரம் புறப்பட்டோம். செங்கோட்டை தாண்டி மலை ஏறும்போது இடதுகை விரல்கள் மரத்தன. நாக்கும் தடித்தது. பொய்யோடு சாகப்போகிறேன் என்ற பயம் சாவைவிடப் பெரிதாக என்னைப் பிடித்தது. ஒரே ஒரு வார்த்தை பேசப் பலம் தாரும் ஆண்டவரே என்று உள்ளுக்குள் கதறினேன்.

நாக்கு அசைந்தது.

“பன்னெண்டு நாளா மாத்திரை போடலங்க.”

அவர் திட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதற்குமேல் எனக்கு நினைவில்லை.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் அவர் அதைத்தான் முதலில் சொல்லியிருக்கிறார். வால்வில் ரத்தம் கட்டியிருப்பதைக் கண்டுபிடித்து, அன்றே மறுபடி நெஞ்சைத் திறந்து வேறு வால்வு வைத்தார்கள். விஷயம் தெரியாமல் நெஞ்சுச்சளி என்று நினைத்திருந்தால் பிழைத்திருக்க மாட்டீர்கள் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார்.

இடதுகை விரல்களில் இன்னும் உணர்ச்சி சரியாக இல்லை. ஊசியில் நூல் கோக்கப் பிள்ளைகளைத்தான் கூப்பிடுகிறேன். மாத்திரையை இப்போது ஒருநாளும் விடுவதில்லை. ரத்தம் வடியும், பயம் வரும். வந்தால் ஜெபிக்கிறேன், உடனே வீட்டுக்காரரிடமும் டாக்டரிடமும் சொல்லிவிடுகிறேன்.

உங்களில் யாராவது ஒரு பயத்தை ஒளித்து வைத்திருந்தால், இன்றைக்கே ஆண்டவரிடம் கேளுங்கள். அதைச் சொல்ல வாயைத் திறப்பவரும் அவரே.