காலண்டர் அட்டையில் ஓடிய கார்

அந்தக் காலத்துக் காரைப் போல வெள்ளந்தியான மிஷின் கிடையாது. மூடியைத் தூக்கினால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். இது புரியாமல், பள்ளிக்கூட வாத்தியாரான என் வீட்டுக்காரர், விருதுநகரில் எங்கள் வாசலில் நின்றுபோன பழைய காரை இரும்புக்கடைக்கு எடைக்குப் போடப் போவதாகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆள் வருவாராம். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த நான் கார் ஓட்டப் பழகியதே அதில்தான். அது போனால் என் ஓட்டமும் போச்சு.

அந்த ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்று சொல்லிச் சர்ச்சுக்குப் போகவில்லை. ஆண்டவர் மன்னிப்பார். வீட்டுக்காரர் சர்ச்சுக்குக் கிளம்பித் தலை மறைந்ததும் காரின் மூடியைத் திறந்தேன்.

போன தடவை மெக்கானிக் வந்தபோது இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுத்துப்போன பிளக்கை மண்ணெண்ணெயில் கழுவினேன். மின்சாரம் விட்டுவிட்டுப் பாயும் இரண்டு பாயிண்டும் கரிந்திருந்தன. சிவகாசித் தீப்பெட்டியின் உரசும் பக்கத்தால் மெல்லத் தேய்த்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். இரண்டுக்கும் நடுவே எம்புட்டு இடைவெளி? அவசரத்துக்குக் காலண்டர் அட்டை போதும் என்று மெக்கானிக் சொன்னது ஞாபகம் வந்தது. சுவரில் தொங்கிய சிவகாசிக் காலண்டரில் ஒரு மூலையை வெட்டிச் செருகி, அந்த அளவுக்குத் திருகாணியை முடுக்கிவிட்டு, அட்டையை உருவினேன்.

முன்னால் ஹேண்டிலைச் செருகி ஒரு சுற்று. பொருமியது. இன்னொரு சுற்று. தெருவே அதிரக் கிளம்பியது! சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அந்த நேரம் பார்த்து இவர் இரும்புக்கடைக்காரரோடு வந்து நின்றார். கடைக்காரர் காரைச் சுற்றி வந்தார்.

"எடைக்குப் போடுற வண்டின்னுல்ல சொன்னீக, சார்? இது நல்லா ஓடுதே. உடைக்க வேண்டாம், நானே வச்சு ஓட்டிக்கிடுதேன்."

எனக்குத் திக்கென்றது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதையாக, நானே பழுது பார்த்து நானே விற்றுக் கொடுத்துவிட்டேனே!

இவர் என் கரிக் கையைப் பார்த்தார். ஜன்னல் வழியே மூலை போன காலண்டரைப் பார்த்தார்.

"கெட்டுப்போன காரைத்தான் விக்கிறதாச் சொன்னேன்" என்றார் கடைக்காரரிடம். "அது இப்ப எங்ககிட்ட இல்ல."

அன்று சாயங்காலம் மல்லாங்கிணறு வரை போய் வந்தோம். நான்தான் ஓட்டினேன். இவர் பக்கத்தில் பேப்பர் படிக்காமல் வந்தார்.