பல் செட்டும் மற்ற செட்டுகளும்

பல்லைப் பிடுங்குவது டாக்டர். பிடுங்கிய இடத்துக்குப் புதுப் பல் செய்து கொடுப்பவர் கிளினிக்கின் பின்னறையில், மேஜைக்கும் ஜன்னலுக்கும் நடுவே, மூக்கில் வெள்ளை அச்சு மாவோடு உட்கார்ந்திருப்பார். டாக்டர் முதல் தரை துடைக்கிற அம்மா வரை எல்லோருக்கும் அவர் 'செட்டு'. பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

பட்டப்பெயர் பொருத்தம்தான். வாயைத் திறந்தால் அந்தச் சொல்தான் வந்து விழும். கடித்துச் சாப்பிடுவது பல் செட். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள் 'எங்க செட்டு'. குழைத்த மாவு இறுகினால் செட் ஆயிடுச்சு, காய்ச்சல் விட்டால் உடம்பு செட் ஆயிடுச்சு. எதிர் வீட்டுப் பையன் யாரையோ செட் பண்ணிவிட்டான். அவனுக்கு அந்தத் தலைமுடி செட் ஆகலை. டாக்டருடைய கறுப்புக் கண்ணாடி அறையெல்லாம் வெறும் செட்டப். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு இன்னும் ஏகப்பட்ட அர்த்தம் இருக்கிறது என்று யாரோ சொன்னபோது, "நம்மகிட்டேர்ந்து போயிருக்கும்" என்றார், சிரிக்காமல்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒன்றுதான் செட் ஆகவில்லை. கல்யாணம்.

அக்கா அலையாத வீடில்லை. எல்லா வீட்டிலிருந்தும் ஒரே பதில்: செட் ஆகலை. உயரம் போதாது என்றால் அதைச் சொல்லலாம். சம்பளம் போதாது என்றால் அதையும் சொல்லலாம். முன்வழுக்கை பளபளக்கிறது என்றால் அதை யாரும் சொல்லவே வேண்டாம், தெரிந்ததுதான். ஆனால் அவர்கள் நாகரிகமானவர்கள். மனசில் கிடக்கிற அத்தனை நாற்றத்துக்கும் இந்த ஒரு மூடியைப் போட்டுவிடுவார்கள். ஏன் என்று இவரும் கேட்டதில்லை. கேட்டால், சொல்லிவிட்டால்?

இப்படி நாற்பதைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தபோதுதான், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வாயில் ஒரு பல்கூட இல்லாமல் வந்தார். கூடவே மகள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். அப்பாவுக்கு அளவெடுத்து முடிக்கும் வரை செட்டின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கேட்காமல் கொள்ளாமல் அவர் கண்ணாடியைக் கழற்றி, கம்பியை லேசாக வளைத்து, திரும்ப மாட்டிவிட்டாள்.

"இப்பதான் முகத்துக்கு செட் ஆகுது" என்றாள்.

மனுஷன் அன்றைக்கே காலி.

அக்கா போய்ப் பேசினாள். டிரைவர், பல் போனால் சொல் போச்சு என்கிற மாதிரி, குழறலாக ஒன்று சொன்னார்: முதலில் செட் முடியட்டும், மற்றதை அப்புறம் பேசலாம். செட்டு விழுந்து விழுந்து வேலை செய்தார். காதலிக்கிறவர்கள் பூ கொடுத்திருப்பார்கள், கவிதை கொடுத்திருப்பார்கள். வருங்கால மாமனாருக்கு ஈறு செய்து கொடுத்தவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும். கொடுக்கும்போது எல்லோருக்கும் சொல்வதையே அவருக்கும் சொன்னார். முதலில் கடிக்கும், கழற்றிப் போட்டுவிடாதீர்கள், பழகினால் செட் ஆகிவிடும்.

சில நாள் கழித்து டிரைவர் போன் செய்தார். செட்டு அப்போது கிண்ணத்தில் மாவு குழைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நானும் பொறுத்துப் பாத்துட்டேன். செட் ஆகலை தம்பி."

செட்டு மரியாதை தெரிந்தவர். அனுபவஸ்தரும்கூட. "பரவாயில்லீங்க ஐயா. வேற நல்ல இடமாப் பாத்துக்குங்க" என்று போனை வைத்துவிட்டார். சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினால், கிண்ணத்தில் மாவு கல்லாகியிருந்தது. கரண்டி அதில் கொடிக்கம்பம் மாதிரி நட்டுக்கொண்டு நின்றது.

மறுநாள் சாயங்காலம் அவள் வந்தாள். ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை மேஜைமேல் வைத்துத் திறந்தாள். உள்ளே ஈரத் துணியில் அப்பாவின் பல், இவரைப் பார்த்து இளித்தது.

"வேற நல்ல இடமாப் பாத்துக்கச் சொன்னீங்களாமே. பல்லுக்கா, எனக்கா?"

செட்டு டப்பாவை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஐயா செட் ஆகலைன்னாரு."

"கீழ் வரிசை உறுத்துதுன்னு சொன்னாருங்க. பாலைத் தவிர ஒண்ணும் எறங்கலை. நீங்க தொரத்திவிட்டதுல மனுஷன் கொதிச்சுப்போய்க் கெடக்காரு. 'செஞ்ச பல்லையே பாத்துக்கத் துப்பில்லாதவன் பொண்ணை என்னத்தப் பாத்துக்கப் போறான்'னு கேக்குறாரு. நான் என்ன சொல்ல?"

செட்டு டப்பாவிலிருந்த துணியின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

"செட் ஆகலைன்னா எது ஆகலைன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?"

"இதுவரைக்கும் யாரும் பல்லைச் சொன்னதில்லைங்க" என்றார்.

அவள் திட்டுவதற்குத் தயாராக வைத்திருந்ததை எல்லாம் விழுங்கிக்கொண்டாள். கண்ணாடி மறுபடி கோணியிருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, வெளியே பெஞ்சில் முறைத்துக்கொண்டிருந்த அப்பாவைப் பிடித்து இழுத்து வந்தாள்.

நாற்காலியில் உட்கார்ந்த டிரைவர் பேச வாயைத் திறந்தார். அதுதான் அவர் செய்த தப்பு. செட்டு மாவு நிறைத்த அச்சை அப்படியே உள்ளே வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். இறுகும் வரை உதட்டை அசைக்கக் கூடாது என்றார். சொன்ன பிறகுதான், வாழ்நாளில் இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்பது அவருக்கு உறைத்தது.

"ஐயா, பல்லு என் தப்பு. சரி பண்ணித் தர்றேன். உங்க பொண்ணு விஷயம்... செட்..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டார். இத்தனை வருஷம் எங்கே போட்டாலும் பொருந்திய சொல், இங்கே உறுத்தியது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சொன்னார். "எனக்கு உங்க பொண்ணைப் பிடிச்சிருக்கு. என்கிட்ட என்ன கொறைன்னாலும் நேரா சொல்லிடுங்க."

டிரைவர் கண்ணை உருட்டினார். அடித்தொண்டையிலிருந்து நீளமாக ஒரு "ங்ங்ங்" வந்தது.

கதவில் சாய்ந்திருந்த மகள், "அப்பா சரின்றாரு" என்றாள்.

"திட்டுற மாதிரி இருக்கேங்க."

"கையை எடுங்க, தெரியும்."

செட்டு கையை எடுக்கவில்லை. மாவு இறுகி வெகுநேரம் ஆகியிருந்தது.