அமிர்தசாமி சாரின் டெஸ்ட் கால்

திருச்சி மாவட்டத்தில், இன்டர்நெட் கால் சம்பந்தமாக என்னால் சரிசெய்ய முடியாத கோளாறு இதுவரை பிறக்கவில்லை. இனிப் பிறக்கவும் வாய்ப்பில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நாளைக்கு யாராவது மாவட்ட வரலாறு எழுதினால் ஒரு வரி விட்டுப்போய்விடக் கூடாதே என்றுதான்.

போன மாதம் வரை இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கீழே எழுதியிருப்பது நடந்தது. நேரங்கள் எல்லாம் என் போனில் பார்த்துக் குறித்தவை. நள்ளிரவு, சுடுகாடு, வெள்ளைப் புடவை எதையும் எதிர்பார்க்காதீர்கள். எல்லாமே சாயங்காலம் ஆறு ஐம்பதுக்கு நடந்தது. தெருமுனையில் பஜ்ஜி போடும் நேரம்.

என் பெயர் மதுசூதன். வீடு ஸ்ரீரங்கம். பி.காம் மூன்றாம் வருடம். கல்லூரி நோட்டீஸ் போர்டில் ‘அதிகாரபூர்வமற்ற செய்திகள்’ என்று வாரம் ஒரு தாள் எழுதி ஒட்டுவேன். பிரின்சிபால் கிழிப்பார். மீண்டும் ஒட்டுவேன். மற்ற நேரத்தில் பாலக்கரையில் ஜெகபர் அலி அண்ணனின் மொபைல் கடையில் உட்காருவேன். ஸ்க்ரூ டிரைவர் வேலை அண்ணனுக்கு. செட்டிங்ஸ் வேலை எனக்கு.

அங்கேதான் அமிர்தசாமி சார் வந்தார். மேலப்புதூரில் தனியாக இருப்பவர். ஏதோ ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். போனைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார்.

“தம்பி, மஸ்கட்ல இருக்கிற என் பொண்ணு பேசுறது எனக்குக் கேக்குது. நான் பேசுறது அவளுக்குக் கேக்கலை.”

“ரொம்ப முக்கியமா பேசணுமா சார்?”

“பேச ஒண்ணும் இல்ல தம்பி. செபமாலை சொல்லணும்.”

தினமும் ஏழு மணிக்கு அப்பாவும் பெண்ணும் ஆப்பில் சேர்ந்து செபமாலை சொல்வார்களாம். ஒவ்வொரு செபத்திலும் முதல் பாதி அப்பா. இரண்டாம் பாதி பெண். அம்மா இருந்தபோது வீட்டில் அப்படித்தான் வழக்கமாம். இப்போது நான்கு நாளாக முதல் பாதி போய்ச் சேரவில்லை.

“அவ பாதியை வெச்சிக்கிட்டுக் காத்திருக்கா தம்பி.”

ஆப்புக்கு மைக் அனுமதி போயிருந்தது. செட்டிங்ஸ், ஆப்ஸ், மைக்ரோபோன், அனுமதி. எழுபது நொடி வேலை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நான்தான் மாவட்ட வரலாற்றில் இடம்பெறப் போகிறவன் ஆயிற்றே.

“சந்தேகமா இருந்தா எனக்கு ஒரு கால் பண்ணி டெஸ்ட் பண்ணிக்கோங்க சார்” என்று என் நம்பரைப் பதிந்து கொடுத்தேன்.

தலைமை எழுத்தரிடம் ஒன்றைச் சொன்னால் அது உத்தரவு. மறுநாளிலிருந்து தினமும் சரியாக ஆறு ஐம்பதுக்கு என் போன் அடித்தது.

“தம்பி, கேக்குதா?”

“கேக்குது சார்.”

“நன்றி தம்பி. வெச்சிடறேன்.”

பதினான்கு நொடி. கூட ஒரு நொடி ஆகாது, குறையாது. பின்னால் அவர் வீட்டு ஃபேன் ‘கிறீச்... கிறீச்...’ என்று சுற்றுவது கேட்கும்.

ஒரு வாரம் பொறுத்தேன். எட்டாவது நாள் நோட்டீஸ் போர்டில் எழுதிவிட்டேன். ‘ஆளுக்குப் பாதி ஜெபம்: சிக்னல் இருந்தால் சொர்க்கம், பேலன்ஸ் தீர்ந்தால் நரகம்.’ கல்லூரியே சிரித்தது. இந்தத் தாளை மட்டும் பிரின்சிபால் இரண்டு நாள் கழித்துத்தான் கிழித்தார்.

பதினோராவது நாள் வெள்ளிக்கிழமை. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீக்கடையில் நண்பர்களோடு நிற்கிறேன். ஆறு ஐம்பது. போன் அடித்தது.

“டேய், சொர்க்கத்துலேர்ந்து கால்டா! ஸ்பீக்கர்ல போடு” என்றான் லக்ஷ்மிகாந்த்.

போட்டேன்.

“தம்பி, கேக்குதா?”

தெளிவாகக் கேட்டது. ஃபேன் சத்தம்கூடக் கேட்டது.

“ஹலோ?” என்றேன். “ஹலோ... சார்? குரலே வரலையே?”

லக்ஷ்மிகாந்த் டீயைத் துப்பிவிட்டான்.

“தம்பி, நான் அமிர்தசாமி பேசுறேன். கேக்குதா தம்பி?” குரலை உயர்த்தினார். வயதான குரல். உயர்த்தும்போது உடைந்தது.

“ஒண்ணுமே கேக்கலை சார். உங்க மைக் அவுட்டு போலிருக்கு.” கட் செய்தேன்.

ஐந்து பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பிறகு கூப்பிட்டு, சும்மா விளையாடினேன் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நினைத்தது உண்மை. அதற்குள் பஸ் வந்துவிட்டது.

சனிக்கிழமை. அலி அண்ணனின் தங்கை ரிஃபானாவுக்குப் புதுக்கோட்டையில் நிக்காஹ். கடை இரண்டு நாள் லீவு. ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். பஸ் காவிரிப் பாலத்தின் மேல் நின்றது. பின்னால் மலைக்கோட்டையில் விளக்கு போட்டிருந்தார்கள்.

ஆறு ஐம்பது. போன் அடித்தது.

நிம்மதியாக இருந்தது. மன்னிப்புக் கேட்டுவிடலாம்.

“தம்பி... கேக்குதா?”

“கேக்குது சார். நேத்து வந்து...”

“தம்பி...?”

“கேக்குது சார்! நல்லா கேக்குது!” கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

“குரல் வரலையே தம்பி...”

கட் ஆனது. பதினான்கு நொடி.

என் மைக்கைச் சோதித்தேன். பேசிப் பதிவு செய்து கேட்டேன். சரியாக இருந்தது. ஆப்புக்கு அனுமதி இருந்தது. அப்புறம்தான் ஸ்க்ரீனின் மேல் மூலையைப் பார்த்தேன்.

டேட்டா ஆஃப்.

நெட் இல்லாமல் எப்படி ஆப் கால் வரும்? கை பட்டு இப்போதுதான் ஆஃப் ஆகியிருக்கும் என்று எனக்கு நானே விளக்கம் கொடுத்தேன். வாடிக்கையாளர் சேவை என்றால் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை முறைப்படி இறங்கினேன். ஆப்பை அழித்தேன். போனை அணைத்து மறுபடி போட்டேன். டேட்டா, வைஃபை இரண்டையும் நிறுத்தினேன். சிம்மைக் கழற்றி மேஜையில் வைத்தேன். இனி அந்தப் போனில் கடிகாரம் மட்டும்தான் ஓடும்.

6:48. அம்மா சமையலறையில் தாளித்துக்கொண்டிருந்தாள்.

6:49. கோயில் பக்கமிருந்து நாதஸ்வரம்.

6:50.

அடித்தது.

ஸ்க்ரீன் கறுப்பு. பெயர் இல்லை. நம்பர் இல்லை. பச்சைப் பட்டனும் இல்லை. நான் எதையும் தொடவில்லை.

“தம்பி... கேக்குதா?”

இந்த முறை ஒன்று வித்தியாசமாக இருந்தது. ஃபேன் சத்தம் இல்லை. தெருச் சத்தம் இல்லை. எதுவுமே இல்லை. ஒரு பெட்டிக்குள் இருந்து பேசுவது போல...

“கேக்குது சார்” என்றேன். வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

“குரல் வரலையே...”

அன்றைக்குப் பதினான்கு நொடியில் கட் ஆகவில்லை. அப்படியே இருந்தது. மூச்சுச் சத்தம்கூட இல்லை. பத்து நிமிடம்.

ஏழு மணிக்கு அவர் சொன்னார்.

“அருள் நிறைந்த மரியே, வாழ்க...”

முதல் பாதி முழுதும். பிறகு நிறுத்தினார்.

காத்திருந்தார்.

யாரும் இரண்டாம் பாதியைச் சொல்லவில்லை.

7:04க்கு நின்றது. அம்மா வந்து, “யாரோடடா பேசிண்டிருக்க? போன் அணைஞ்சுன்னா கிடக்கு!” என்றாள்.

திங்கட்கிழமை 6:20க்குக் கடைக்கு ஓடினேன். அலி அண்ணனின் எதிரில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். அழுது வீங்கிய கண். கையில் எங்கள் கடையின் ரசீதுச் சீட்டு.

“மது, அமிர்தசாமி சாரோட மகள்டா. போனை வாங்கிட்டுப் போக வந்திருக்காங்க” என்றார் அண்ணன்.

“போனா? எப்பண்ணே குடுத்தார்?”

“வெள்ளிக்கிழமை. கடையைப் பூட்டுற நேரம். ஏழு அஞ்சு. மைக் அவுட்டுன்னு தம்பி சொன்னாரு, கழட்டிப் பாருங்கன்னாரு. கழட்டி வெச்சிட்டு திங்கக்கிழமை வாங்க சார்னு சொன்னேன்.”

டிராயரைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். உள்ளே போன். டிஸ்ப்ளே தனி. போர்டு தனி. பேட்டரி தனி.

“அன்னைக்குக் கழட்டினது. இந்தா, இப்பதான் திறக்கறேன்.”

ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

“சார் எப்படி இருக்கார்?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். பதில் தெரிந்தே கேட்டேன் என்று நினைக்கிறேன்.

“வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டரை மணி இருக்கும்னு டாக்டர் சொன்னார். நெஞ்சு வலி. சனிக்கிழமை காலைல பால் பாக்கெட் வாசல்லயே கிடக்குதேன்னு பக்கத்து வீட்டுக்காரங்க பாத்தாங்க. அப்பா கதவுகிட்ட விழுந்து கிடந்தாங்க.” மூக்கைத் துடைத்தார். “கையில போன் இல்ல. யாரைக் கூப்பிடுவாங்க?”

அண்ணன் டப்பாவைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

“எனக்கும் பயம் வரலை. ஆறு அம்பத்தி நாலுக்கு மெசேஜ் போட்டிருந்தாங்க. ‘என் குரல் போகவில்லை. கடைக்குப் போகிறேன். இன்று நீ மட்டும் சொல்லிவிடு’ன்னு. போன் ரிப்பேர்ல இருக்குன்னு நான் சும்மா இருந்துட்டேன். நேத்து நாலு மணிக்கு அடக்கம் ஆயிடுச்சு.”

நேற்று நாலு மணி. பெட்டி மூடி... என் போன் அடித்தபோது மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. நான் அந்தச் சத்தமின்மையைக் கேட்டிருக்கிறேன்.

“மது நீங்கதானா? அப்பா தினமும் சொல்வாங்க. எத்தனை தடவை கூப்பிட்டாலும் சலிக்காம எடுத்துப் பதில் சொல்ற பிள்ளைன்னு.”

நான் தரையைப் பார்த்தேன்.

“மைக்ல என்னங்க கோளாறு?” என்று அண்ணனிடம் கேட்டார்.

அண்ணன் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தார். மீட்டரை வைத்துப் பார்த்தார். “மைக்ல ஒண்ணும் இல்லம்மா. நல்லாதான் இருக்கு.”

அவர் என்னைப் பார்த்தார். அண்ணனும் பார்த்தார்.

அப்போது சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை.

6:50.

என் பாக்கெட்டில் அடித்தது.

டப்பாவைப் பார்த்தேன். டிஸ்ப்ளே தனி. போர்டு தனி. பேட்டரி தனி.

“தம்பி... கேக்குதா?”

“அக்கா, இந்தாங்க. பேசுங்க” என்று போனை நீட்டினேன். அவர் காதில் வைத்தார். ஸ்க்ரீனைப் பார்த்தார். மறுபடியும் காதில் வைத்தார்.

“ஒண்ணும் கேக்கலையே? யாரு தம்பி?”

வாங்கி என் காதில் வைத்தேன். இருந்தார். காத்துக்கொண்டிருந்தார்.

“சும்மா... ராங் கால்” என்றேன். வைக்கவில்லை. கடை வாசலில் போய் நின்றேன்.

ஏழு மணி.

“அருள் நிறைந்த மரியே...”

முதல் பாதி. நிறுத்தம்.

திரும்பி உள்ளே பார்த்தேன்.

“அக்கா... அந்த செபத்துல, உங்க பாதி... அது எப்படி வரும்?”

வினோதமாகப் பார்த்தார். ஆனால் சொன்னார். மெல்ல, நிறுத்தி நிறுத்தி. நான் ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் போனில் சொன்னேன். ‘பாவிகளாகிய’ என்ற இடத்தில் எனக்கு நாக்கு திக்கியது. இரண்டு முறை முயன்றுதான் வந்தது.

முடித்தேன்.

அந்தப் பக்கம் ஒரு மூச்சு.

பிறகு அவர் அடுத்ததைத் தொடங்கினார்.

சாரின் மகள் பெலிண்டா அக்கா புதன்கிழமை மஸ்கட் திரும்பினார். வெள்ளிக்கிழமை நடந்ததை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இங்கே எழுதியிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவரிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. அப்படியே தருகிறேன்.

‘தம்பி, உங்ககிட்ட மட்டும் கேக்கறேன். வேற யார்கிட்ட சொன்னாலும் சிரிப்பாங்க. இங்க தினமும் அஞ்சரை மணிக்கு, அதாவது உங்க ஏழு மணிக்கு, என் ரூம்ல ஒரு பையன் குரல் கேக்குது. போன் சுவிட்ச் ஆஃப்லதான் இருக்கு. செபத்தோட ரெண்டாவது பாதியை மட்டும் சொல்லுது. பாவிகளாகியங்கிற இடத்துல திக்குது. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல கொஞ்ச நேரம் நிக்குது, யாரோ முதல் பாதி சொல்ற மாதிரி. ஆனா அப்பா குரல் மட்டும் எனக்குக் கேக்கலை. இதை சரி பண்ண முடியுமா?’

மூன்று முறை பதில் எழுதினேன். மூன்று முறையும் அழித்தேன்.

இப்போது மணி 6:47. அம்மாவிடம் துணி எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போகிறேன். ஒரு செபமாலைக்கு ஐம்பத்து மூன்று முறை சொல்ல வேண்டும். எண்ணிக்கை தவறாமலிருக்க, மாலை மாதிரி ஒன்றைப் பாலக்கரையில் வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.