எதற்கும் தலையாட்டும் பலாமரக் கிழவன்

ரோட்டோரத்தில் பொருட்காட்சி வைத்திருப்பவனுக்குக் கையைவிட வாய்தான் அதிகம் வலிக்கும். கொல்லிமலை ஏறுகிற வழியில், ஒரு கொண்டை ஊசி வளைவில் என் தகரக் கொட்டகை இருக்கிறது. உள்ளே இருப்பதெல்லாம் வேரிலும் கொட்டாங்குச்சியிலும் சுரைக்குடுக்கையிலும் நானே செய்தவை. போன மாதம் ரோட்டை அகலப்படுத்தவென்று ரோடு ஆபீஸ்காரர்கள் வந்து முன்தூணில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். குறி போட்டால் இடிப்பார்கள். ஒரு பெட்டிக்கடையாவது நடத்தியவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

மிளகு தின்ற பாம்பு

காப்பிச்செடி வேரில் ஒரு பாம்பு செய்து மாட்டியிருக்கிறேன். "நிஜப் பாம்புங்க. என் தோட்டத்து மிளகைத் திருடித் தின்னு, காரம் தாங்காம அப்படியே வெறைச்சுப் போச்சு" என்பேன். பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போய்த் திரும்பிய அம்மாள் ஒருவர் குனிந்து அதையே பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏனுங்க, செத்தது சரி. வால்ல ஆணி அடிச்சிருக்கறீங்களே, செத்தப்புறமும் ஓடிருமுன்னு பயமுங்களா?"

தலையாட்டி

பலாக்கட்டையில் ஆளுயரத்துக்கு ஒரு கிழவன். கழுத்தில் சைக்கிள் சீட்டு ஸ்பிரிங். பஸ்ஸோ லாரியோ வளைவில் திரும்பினால் கொட்டகை அதிரும். கிழவன் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவான். கேட்டதற்கு உண்மை சொல்வான் என்று கிளப்பிவிட்டது நான்தான். எங்கள் பக்கம் கிணறு வெட்டவும் பெண் எடுக்கவும் கோயிலில் பூ போட்டுக் கேட்பார்கள். பூ விழும்வரை பொறுக்காதவர்கள் இவனிடம் வர ஆரம்பித்தார்கள்.

எங்கள் மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு; அதில் குண்டனி நாட்டு விவசாயி ஒருவர், "மிளகு வெல ஏறுங்களா?" என்று கேட்டார். லாரி வந்தது, ஆட்டினான். சந்தேகம் தீராமல், "எறங்கிருங்களா?" என்றார். பின்னாலேயே பஸ். அதற்கும் ஆட்டினான். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "அட, நம்ம யாவாரி மாதிரியே பேசறானுங்க!"

பொக்லைன் வந்த அன்று

போன வாரம் வந்தேவிட்டார்கள். பொக்லைன் ஓட்டுநர் திண்ணனூர் நாட்டுக்காரர். கூட வந்த இன்ஜினியர், கீழே இருந்து மலைக்கு மாற்றலாகி வந்து, வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்றாதவர். கிழவனைப் பார்த்ததும் ஓட்டுநர் இறங்கிச் செருப்பைக் கழற்றினார். "சார், கேக்காம கை வெக்க மாட்டனுங்க. இடிக்கலாமான்னு ஒரு வார்த்த கேட்டுக்கறேன்."

கீழ் வளைவில் பஸ் ஹாரன் கேட்கிறது. இவன் எதற்கும் இல்லை என்றே சொல்லாதவன். செய்த எனக்குத் தெரியாதா? ஓட்டுநர் கைகூப்பி வாயைத் திறப்பதற்குள் குறுக்கே பாய்ந்து கத்தினேன்: "சாமி, இந்தக் கொட்டாய் இங்கயே இருக்கட்டுங்களா?"

பஸ் திரும்பியது. கிழவன் ஆட்டினான் பாருங்கள், கழுத்தே கழன்றுவிடும் போல! ஓட்டுநர் வண்டிச் சாவியை எடுத்து இன்ஜினியர் கையில் வைத்துவிட்டார்.

இன்ஜினியர் என்னை முறைத்தார், கிழவனை முறைத்தார். ஓட்டுநர் டீ குடிக்க நகர்ந்ததும், கிழவனின் காதருகே போய் ஏதோ முணுமுணுத்தார். ஒரு லாரி ஏறியது. முகமெல்லாம் பல்லாகத் திரும்பியவர் சொன்னார்: "எதிர்ப்பக்க மேட்டை வெட்டிக்கலாம், அங்கதான் தோது. பெரியவரே, எனக்குச் சேலத்துக்கு டிரான்ஸ்ஃபர் வர்ற வரைக்கும் இவரைப் பத்திரமாப் பாத்துக்கங்க!"

மாற்றல் இன்னும் வரவில்லை. அது வராவிட்டால் அவர் திரும்பி வருவாரே என்று, நானே செதுக்கிய கட்டைக்கு இப்போது தினமும் முதல் கற்பூரம் காட்டுகிறவன் நான்தான்.