கஞ்சி போட்ட நூலும் உச்சி மணியும்

சூரியனை இந்தக் காஞ்சிபுரத்தின் மேல் நூல் பிடித்துக் கடத்திவிட்டவன் நான். இதைச் சொன்னால் என் பேரன்மார் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் பிறப்பதற்கு முன்னால் நடந்ததற்கு அவர்களா சாட்சி?

நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நூல் முறுக்குகிற கூலியாக ஆரம்பித்தேன். முப்பது வயதுக்குள் இரண்டு தெருத் தறிகளுக்கு நூல் கொடுக்கிற ஆளாக நிமிர்ந்துவிட்டேன். யாரும் என்னைக் கைதூக்கி விடவில்லை. பட்டு இழையை விரலால் தொட்டு, அது கிணற்றுத் தண்ணீரில் அலசியதா குளத்துத் தண்ணீரில் அலசியதா என்று சொல்லுவேன். இன்றைக்கும் கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

ஜெர்மன் சண்டை முடிந்த காலம் அது. பெரிய காஞ்சிபுரத்திலிருந்து சின்ன காஞ்சிபுரம் போகிற பாதையில் நட்சத்திர பங்களா என்று ஒன்று இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு இஞ்சினீர் தன் சொத்தையெல்லாம் போட்டுக் கட்டி ஊருக்கு விட்ட கட்டடம். மாடியில் அண்டாவைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு கூண்டு. அது சுற்றும், திறக்கும். அதற்குள் தூரதரிசனிக் குழாய். கீழே ஒரு கூடத்தில் பூமி உருண்டை, சுவரெல்லாம் கிரகங்களின் படம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் யார் வேண்டுமானாலும் பாய் போட்டு உட்கார்ந்து கேட்கலாம், கேள்வியும் கேட்கலாம். கோபுரங்கள் இத்தனை இருக்கிற ஊரில் வெளியூர்க்காரனுக்கு வழி சொல்லும்போது, "நட்சத்திர பங்களாவைத் தாண்டிப் போங்க" என்றுதான் சொல்லுவோம். அவ்வளவு பேர் வாங்கிய கட்டடம்.

அதற்கு முக்கியமான காரணம் உச்சி மணி. ரயில் கடிகாரத்துக்குப் பன்னிரண்டு அடித்தால் அது ரயிலின் பன்னிரண்டு. நம் ஊருக்கு நேர் உச்சியைச் சூரியன் தாண்டுவது வேறு நேரம். அதை இஞ்சினீர் ஐயா தினமும் ஒரு குழாயில் பார்த்துச் சரியாகச் சொல்லுவார், காவல்காரர் மணியை அடிப்பார். தறிக்காரன் தறியில் ஓடுகிற நாடாவை நிறுத்திவிட்டுச் சாப்பிட எழுந்திருப்பான். அரிசி மிஷினில் கடிகாரத்தைத் திருத்துவார்கள். ஐயம்பேட்டைப் பக்கம் காற்று வீசினால் அங்கே வரைக்கும் கேட்கும் என்பார்கள்.

அந்தப் பங்களாவில் இன்னொரு விசேஷம் உண்டு. வாசலில் ஒரு கறுப்புப் பலகை. இன்று என்ன தெரியும், எத்தனை மணிக்கு வரலாம் என்று ஐயா சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைப்பார். அதோடு, அங்கே நடந்த தப்புகளையும் எழுதுவார். "நேற்று மணி இருபது விநாடி முந்தி அடித்துவிட்டது. என் எண்ணிக்கைப் பிழை." இப்படி. ஒரு கடைக்காரன் தன் தராசு தப்பு என்று வாசலில் எழுதி வைப்பானா? எனக்கு அது கொஞ்சம் பைத்தியக்காரத்தனமாகத்தான் தோன்றியது.

வைகாசி பிறந்த சமயம், ஒரு நாள் மணி அடிக்கவில்லை. மறுநாளும் இல்லை. பலகையைப் போய்ப் பார்த்தேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் என்றாலும் படித்துவிடுவேன். "உச்சிக் குழாயைத் துடைக்கும்போது அதன் நூல் அறுந்தது. அறுத்தது நான். மணி இல்லை."

நூல் என்றதும் எனக்குக் காது நிமிர்ந்தது. விசாரித்தேன். அந்தக் குழாய்க்குள் குறுக்கே, கண்ணுக்குத் தெரியாத மெல்லிசில் ஒரே ஒரு நூல் இருக்குமாம். சூரியன் அந்த நூலைத் தாண்டும்போதுதான் உச்சி. சீமையிலிருந்து மறு நூல் வரக் கப்பலில் மாதக்கணக்காகும். ஐயா சிலந்தி நூல் பிடித்துப் போட்டுப் பார்த்தார், நிற்கவில்லை. கருட சேவை நெருங்கிக்கொண்டிருந்தது. வாலாஜாபாத்திலிருந்தும் இன்னும் எங்கெங்கிருந்தோவும் வருகிற ஜனங்கள் காலையில் சாமி பார்த்துவிட்டு, பங்களா வாசலில் நின்று உச்சி மணி கேட்டுவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள். இந்த வருஷம் கேட்க மணி இருக்காது.

காபி கிளப்பில் இதுதான் பேச்சு. என் மனைவியின் அண்ணன், என் மச்சான், அங்கே இருந்தான். வாய் ஓயாத மனுஷன்.

"பட்டு ஊரு, பட்டு ஊருன்னு மார் தட்டிக்கினு இருக்குறோம். ஒரு முழ நூலுக்குச் சீமையைப் பாத்துக்கினு இருக்குது பாருங்கப்பா" என்றான்.

"முழம் எதுக்கு? விரக்கடை போதும். நான் குடுக்குறேன்" என்றேன்.

"நீயா? மாப்ளே, அது புடவைக்கு இல்ல. சூரியனுக்கு."

"சூரியனே வந்து கேட்டாலும் என் நூல்தான். எழுதி வெச்சுக்கோ. நான் குடுக்குற மொத நூலே நிக்கும். கருட சேவைக்கு மணி அடிக்கும்."

"மொத நூலேவா?"

"மொத நூலே."

"நிக்கலேன்னா?"

"என்னை நூல்காரன்னு இந்த ஊர்ல ஒருத்தனும் கூப்பிட வேணாம்."

கிளப் முழுக்கக் கேட்டது. கல்லாவில் இருந்தவர்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார். எனக்குச் சொத்து என்று இருந்ததே அந்தப் பெயர்தான். அதைத்தான் பந்தயமாகத் தூக்கி வைத்துவிட்டு வந்தேன்.

அன்று மத்தியானமே உட்கார்ந்தேன். சாயம் ஏறாத பட்டிலிருந்து கொஞ்சம் எடுத்து வெந்நீரில் ஊறவைத்தேன். நாம் நூல் என்று சொல்லுகிறோமே, அதற்குள் பல இழைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். கறுப்புத் துணியை விரித்து, ஜன்னல் வெயிலில் ஊசி முனையால் அதைப் பிரித்தேன். மூச்சு விட்டால் பறந்துவிடும். நாலு அறுந்தது, ஐந்தாவது வந்தது. ஒரு இழை. பூச்சி தன் வாயால் விட்ட அதே மெல்லிசு. அதைச் சட்டத்தில் நீட்டிக் காயவைத்து, மறுநாள் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதுவரைக்கும் நான் அந்தப் பங்களாப் படி ஏறியவன் இல்லை. வாசலில் ஒரு நோட்டில் பெயரும் தொழிலும் எழுதிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். நாலு பேர் பார்க்க நான் எழுத்துக் கூட்டிக்கொண்டு நிற்பதா? கூப்பிட்டால் போகலாம் என்று இருந்தேன். கிளப்பில் நான் சொன்னது காதுக்கு எட்டி, இப்போது அவர்களே கூப்பிட்டார்கள். நோட்டுக்காரரே கதவைத் திறந்து விட்டார்.

ஐயா ஒல்லியான மனுஷர். கை நடுக்கம் இருந்தது. இழையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு மெல்லிசா!" என்றார். பித்தளை வளையத்தில் அரக்கு வைத்து ஒட்டிக் குழாயில் செருகினார். என்னைக் கான்வாஸ் கட்டிலில் மல்லாந்து படுக்கச் சொன்னார். குழாய் ஏறக்குறைய நேர் மேலே பார்த்து நின்றது. சித்திரை கடந்தால் நம் ஊரில் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடும், உச்சிப் பொழுதில் நிழல் தெற்கே விழும் என்றார். நாற்பது வருஷமாக அந்த நிழலை மிதித்துக்கொண்டு நடந்தவரும் கவனித்திருக்க மாட்டார். நானும் கவனித்ததில்லை.

கண்ணை வைத்தேன்.

"ஐயா, உள்ளே யாரோ தாம்புக் கயிறு போட்டிருக்காங்க" என்றேன்.

"அதுதான் உங்க நூல்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மறுபடி பார்த்தேன். கயிறேதான். அதில் வரிசையாக ஜவ்வரிசி கோத்தது போல உருண்டை உருண்டையாக என்னமோ. ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு.

"சூரியன் விளிம்பு அந்த உருண்டையில பட்டுதா நூல்ல பட்டுதான்னு சொல்ல முடியாது, நூல்காரரே. இது என்னது?" என்றார் ஐயா.

எனக்குத் தெரிந்துவிட்டது. அது கஞ்சி. தறியில் ஏற்றுகிற பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுப் போட்டுப் பழகிய கை. இழையை நீட்டின கையோடு, என்னை அறியாமல், விரலைக் கஞ்சியில் நனைத்து ஒரு இழுப்பு இழுத்திருக்கிறேன். கஞ்சி போடாத பாவைத் தறியில் ஏற்றினவன் என்று என்னை யாரும் சொல்லக்கூடாது என்று இருந்தவன் அல்லவா நான்? சூரியனுக்கும் போட்டுவிட்டேன்.

"கஞ்சி" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஒரு சோற்றுப் பருக்கையில எத்தனை உருண்டை வரும்னு இன்னிக்குத்தான் பாக்கிறேன்" என்று தானும் படுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய்ப் பலகையில் எழுதினார். நான் பின்னாலேயே போனேன். "புதிய நூல் சரிவரவில்லை. மறுபடி முயல்கிறோம்." அவ்வளவுதான். யார் நூல் என்று இல்லை.

"பேரு போடலையா, ஐயா?"

"என் தப்புன்னா என் பேரைப் போடுவேன். உங்க பேரை நான் எப்படிப் போடறது?"

ஊரில் எல்லாரும் அதைச் சிலந்தி நூல் என்றே நினைத்துக்கொண்டார்கள். மச்சான் கேட்டான்: "உன் நூலு எப்போ மாப்ளே போவுது?" நான், "போவும் போவும்" என்றேன். பொய் சொல்லவில்லை. சொல்லவேண்டியதையும் சொல்லவில்லை.

கருட சேவைக்கு முதல் நாள் இரண்டாவது இழையைக் கொண்டுபோனேன். கஞ்சிச் சட்டி வீட்டிலேயே இருக்கக்கூடாது என்று அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். இந்தத் தடவை ஐயாவை ஒட்ட விடவில்லை. "என் கையில விடுங்க" என்றேன். பட்டு ஈரத்தில் நீளும், காய்ந்தால் இறுகும். மழைக்காலத்தில் தறி மேல் பாவு தொங்குவதைப் பார்த்தவனுக்கு இது தெரியும். இழையின் இரண்டு முனையிலும் மெழுகால் துளி ஈயம் ஒட்டினேன். ஈரத்தோடு வளையத்தின் மேல் போட்டு, இரண்டு பக்கமும் ஈயம் தொங்க விட்டேன். தானாக நேராக நின்றது. அப்படியே அரக்கு வைத்துக் காயவிட்டு, முனையை வெட்டினேன். தட்டினால் தம்பூராத் தந்தி மாதிரி இறுக்கம்.

ஐயா அசந்துபோனார். "புத்தகத்துலயும் இப்படித்தான் போட்டிருக்கு!"

"புத்தகத்துக்கு யாரு சொன்னாங்க?" என்றேன். என்னை மாதிரி ஒருத்தன்தான் சொல்லியிருப்பான்.

மறுநாள். கருடன் மேல் சாமி உலா முடிந்து ஜனம் பங்களா வாசலில் நெருக்கியடித்தது. கையில் பழம், தோளில் குழந்தை. மாடியில் நானும் ஐயாவும் மட்டும். கீழே காவல்காரர் மணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐயா என்னைப் படுக்கச் சொன்னார்.

"நானா?"

"உங்க நூலு. நீங்க பாருங்க. சூரியன் விளிம்பு நூலைத் தொட்டதும் சொல்லுங்க. அதிலிருந்து ஒரு நிமிஷத்துக்கு மேலே கொஞ்சம். அதை நான் கடிகாரத்தில எண்ணிக்கிறேன்."

கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நடுவில் என் இழை. ஒரு பிசிறு இல்லை. பின்னால் ஒரே இருட்டு. பிறகு ஓரத்தில் சிவப்பாக ஒரு விளிம்பு எழுந்தது. கொதிக்கிற பாலின் விளிம்பு மாதிரி துடித்துக்கொண்டு வந்தது. வருகிறது, வருகிறது, நிற்கவே இல்லை. அதன் உடம்பில் எள்ளு மாதிரி இரண்டு கறுப்புப் புள்ளி. தினமும் தலையில் சுமந்த சூரியன். நான் பிறந்தது முதல் அது நகர்வதை ஒரு நாள்கூட என் கண்ணால் பார்த்ததில்லை.

"யாரு ஐயா இதை இழுக்கிறது?"

"யாரும் இழுக்கலே. நாமதான் போறோம். நீங்க, நான், கட்டில், காஞ்சிபுரம் மொத்தமும்."

நான் கட்டிலின் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வெட்கமில்லாமல் சொல்லுகிறேன், விழுந்துவிடுவேன் என்று பயந்தேன்.

"தொட்டுது!" என்று கத்தினேன்.

ஐயா எண்ண ஆரம்பித்தார். அவர் எண்ண எண்ண, சூரியன் என் இழைக்கு அடியில் புகுந்து போயிற்று. சத்தமே இல்லை. அவ்வளவு பெரிய வஸ்து, ஒரு பூச்சி வாயிலிருந்து வந்த இழையைத் தாண்டிப் போகிறது, இழை அசையவில்லை. "அடி!" என்றார் ஐயா. மணி விழுந்தது. அந்த விநாடி என் நூல் சூரியனை நட்ட நடுவில், இரண்டு பக்கமும் இம்மி குறையாமல் பிளந்துகொண்டு நின்றது. கீழே ஜனம் ஓவென்று கத்தியது. கோயில் பக்கத்திலிருந்தும் ஒரு மணி பதில் சொன்னது.

இறங்கி வந்தபோது மச்சான் முன்னால் நின்றான். என்னைக் கட்டிக்கொண்டான். "சொன்னாம்பா! மொத நூலே நிக்கும்னு சொன்னாம்பா! நிக்க வெச்சுட்டான்!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கூவினான். காபி கிளப்புக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். தோளைத் தட்டினார்கள்.

நான் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். ஐயா வாய் திறக்கமாட்டார். ஆனால் கண்ணுக்குள் இன்னும் அந்த இழை நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே அந்தக் கஞ்சி உருண்டைகளும்.

பலகையண்டை போனேன். சுண்ணாம்புக் கட்டியை எடுத்தேன். அத்தனை ஜனத்துக்கு முன்னால், எழுத்துக் கூட்டி, கோணல் கோணலாக எழுதினேன். பெரிசாக எழுதிவிட்டேன், இரண்டு வரிக்கே பலகை நிறைந்துவிட்டது. "மொதல் நூல்ல கஞ்சி போட்டு கெடுத்தது நான். இது ரெண்டாவது நூல்." கீழே என் பெயர்.

மச்சான் உரக்கப் படித்தான். பாதியில் குரல் இறங்கியது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"சூரியனுக்கே கஞ்சி போட்டியா மாப்ளே?"

"போட்டேன். எனக்குத் தெரிஞ்ச மரியாதை அதான். இனிமே நூல்காரன்னு கூப்பிடாதே."

"வேற எப்படிக் கூப்பிடறது?" என்றான். அன்று முதல் ஊரே என்னைக் கஞ்சி நூல்காரன் என்று கூப்பிட்டது. நூல்காரன் போகவில்லை, முன்னால் ஒன்று சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

ஐயா என் எழுத்தைத் திருத்தவும் இல்லை, அழிக்கவும் இல்லை. ஆனி பிறந்து முதல் மழை வந்துதான் கரைத்தது. அந்தப் பலகையில் அவர் கையைத் தவிர விழுந்த ஒரே கையெழுத்து என்னுடையது. படித்தவர்கள் எத்தனையோ பேர் அந்தப் பங்களாவுக்கு வந்தார்கள். ஒருவருக்கும் அந்தத் தைரியம் வரவில்லை.